கழுத்தில் கை வைப்பதற்கு முன்

உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கத்துக் கல்லூரிகளில் விலங்கியலும் தாவரவியலும் வேதியியலும் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு,



நான் இந்த மலையில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறவள். கொஞ்ச காலமாக உங்களில் பலர் ஒரே கேள்வியோடு என்னைத் தேடி வருகிறீர்கள். கைரோபிராக்டர் ஆக என்ன படிக்க வேண்டும்? கேட்டுக்கொண்டே போனை நீட்டுகிறீர்கள். அதில் ஒருவர் குப்புறப் படுத்திருக்கிறார். இன்னொருவர் அவர் முதுகில் இரண்டு கையையும் பதித்து ஒரே அழுத்து. சடக்கென்று ஒரு சத்தம். படுத்திருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பத்து வருஷ வலி போய்விட்டது என்கிறார். “இதுக்கு நீட் வேண்டாமாமே மேடம்?” என்பது உங்கள் அடுத்த கேள்வி.

வெளியே நோயாளிகள் காத்திருக்க, அவசர அவசரமாக நான் சொல்லி அனுப்பிய பதில்கள் உங்களுக்குப் போதாது. அதனால்தான் எல்லோருக்குமாக இந்த மடல்.

உங்கள் ஆசையில் தப்பே இல்லை. நீட் எழுதி, மறுபடி எழுதி, வீட்டில் காசு தீர்ந்ததும் பி.எஸ்சி.யில் சேர்ந்தவர்கள் உங்களில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். முதுகுவலியைப் பற்றி உங்களுக்குப் புத்தகம் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. சரிவில் ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் ஊன்றி, இடுப்பை ஒரு பக்கம் ஒடித்து நின்று நாளெல்லாம் கொழுந்து பறிக்கிறவர் உங்கள் அம்மா. கொழுந்து வெட்டக் கத்தரி வந்த பிறகு வலி இடுப்போடு நிற்காமல் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் ஏறியிருக்கிறது. பறித்ததை எடை போடுகிற இடம்வரை சுமப்பதும் அவர்தான். உதகைப் பக்கம் கேரட் மூட்டை தூக்குகிற அப்பாக்களின் கதை இதைவிட மோசம். இந்த முதுகுகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அவற்றுக்கு வைத்தியம் கற்க ஆசை வராவிட்டால்தான் ஆச்சரியம். என் கோபமெல்லாம், பாதியை மட்டும் சொல்லி உங்களிடம் காசு பிடுங்குகிறவர்கள் மேல். மீதிப் பாதியை நான் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

அந்த வீடியோவில் இருப்பது முப்பது விநாடி. அதற்குப் பின்னால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சண்டை இருக்கிறது. 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் என்ற ஊரில் டி.டி. பால்மர் என்பவர், ஹார்வி லில்லார்ட் என்ற தொழிலாளியின் முதுகெலும்பை அழுத்தி அவருடைய செவிட்டைக் குணமாக்கியதாகச் சொன்னார். இந்தத் தொழில் அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1897இல் பால்மரே ஒரு பள்ளியும் ஆரம்பித்தார். நோய்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து, முதுகெலும்பு இடம் பிசகுவதால் வருகின்றன என்பது அவர் வாதம். உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்த்ததற்காக 1906இல் சிறைக்குப் போனவரும் அவர்தான். அமெரிக்காவின் எல்லா மாநிலங்களும் கைரோபிராக்டருக்கு உரிமம் வழங்கச் சம்மதித்து முடிய 1974 ஆயிற்று. கடைசி மாநிலம் லூசியானா. எண்பது வருஷம் அடி வாங்கி, பாடத்திட்டம், தேர்வு, உரிமம் என்று ஒவ்வொன்றாகக் கட்டி எழுப்பிய பிறகுதான் அந்த ஊரில் அவர்கள் முதுகைத் தொடுகிறார்கள்.

சரி, அந்தப் படிப்புக்கே போவது என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு நீங்கள் தயாராக வேண்டிய இடம் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற வகுப்புதான்.

அமெரிக்காவில் இந்தப் படிப்பை நடத்தும் கல்லூரிகளை அங்கீகரிப்பது சி.சி.இ. என்ற கல்விக் குழு. அதன் விதிப்படி, சேர்வதற்கு முன் இளநிலைப் படிப்பில் குறைந்தது 90 செமஸ்டர் கிரெடிட் முடித்திருக்க வேண்டும். நாலுக்கு மூன்று ஜி.பி.ஏ. எடுத்திருக்க வேண்டும். அறிவியல் பாடங்களில் மட்டும் 24 கிரெடிட் வேண்டும். அவற்றில் பாதியாவது ஆய்வுக்கூடத்தோடு சேர்ந்த பாடங்களாக இருக்க வேண்டும். வருஷத்துக்கு முப்பது கிரெடிட் என்பது அந்த ஊர்க் கணக்கு. ஆகவே உங்கள் மூன்று வருஷப் படிப்பு 90ஐத் தொட்டுக்கொண்டு நிற்கும். நம் மதிப்பெண் பட்டியலில் அச்சிட்டிருக்கிற கிரெடிட் வேறு கணக்கு, அதை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மதிப்பீட்டு நிறுவனம் ஒன்று உங்கள் பாடங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, இது இவ்வளவுக்குச் சமம் என்று எழுதிக் கொடுக்கும். பி.காம். படிக்கிற தம்பி ஒருவர் வந்து “எந்த டிகிரி இருந்தாலும் போதும்னாங்களே” என்றார். டிகிரி எதுவாகவும் இருக்கலாம், அந்த 24 அறிவியல் கிரெடிட் எங்கிருந்து வரும் என்று அவரிடம் பணம் கேட்ட ஏஜென்ட் சொல்லவில்லை.

இங்கேதான் நீங்கள் அலட்சியமாக இருக்கிறீர்கள். கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகளைச் சீனியரின் ரெக்கார்டு நோட்டிலிருந்து டிரேஸ் எடுக்கிறீர்கள். ஆய்வுக்கூட நேரத்தில் பாதி, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விடுகிறது. செய்முறையில்தான் எப்படியும் மதிப்பெண் போட்டுவிடுவார்களே என்று இருக்கிறீர்கள். வெளிநாட்டில் உங்கள் பட்டத்தை எடைபோடுகிறவர் ஆய்வுக்கூடப் பாடங்களையும் பார்ப்பார். ஒவ்வொரு செமஸ்டரின் பாடத்திட்டத்தையும் நகல் எடுத்து வையுங்கள்; கல்லூரியை விட்டுப் போன பிறகு அதைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. கோயம்புத்தூருக்குப் போய்ப் பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்ட் வாங்கக் கால அவகாசம் ஒதுக்குங்கள். அரியர் விழுந்தால் உடனே எழுதி முடியுங்கள்.

விலங்கியல்காரர்கள் மனித உடலியங்கியலையும் திசுவியலையும் தேர்வுக்கு மட்டும் படிக்காதீர்கள். இயற்பியலை வெறுக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: குனிந்து ஒரு மூட்டையைத் தூக்கும்போது இடுப்புப் பக்க முதுகெலும்பின் மேல் எவ்வளவு பாரம் விழுகிறது என்பது நெம்புகோல் கணக்கு. அது தெரியாமல் எந்த முதுகு வைத்தியமும் இல்லை. ஆங்கிலத்தை நான் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

அடுத்தது காசு. அமெரிக்காவில் இது ஏறத்தாழ நாலு வருஷப் படிப்பு. பல கல்லூரிகளில் கல்விக் கட்டணம் மட்டுமே ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். கிலோ பச்சைத் தேயிலைக்கு என்ன விலை கிடைக்கிறது என்று உங்கள் வீட்டுக் கணக்கு நோட்டைப் பாருங்கள். அரை ஏக்கர் தோட்டத்தை அடமானம் வைத்துத் தீர்கிற தொகையா அது? பக்கத்தில் மலேசியாவில் ஐ.எம்.யூ. பல்கலைக்கழகம் 2010 முதல் கோலாலம்பூரில் இந்தப் படிப்பை நடத்துகிறது. அங்கே பாரம்பரிய, மாற்று மருத்துவத்துக்கென்று 2016இல் சட்டமும் வந்துவிட்டது. செலவு அமெரிக்காவைவிடக் குறைவு. பெரியம்மா, சித்தப்பா என்று அந்த ஊரில் ஆள் இருக்கிறவர்கள் விசாரிக்கலாம். கனடாவில் டொரன்டோவிலும் இங்கிலாந்தில் போர்ன்மத்திலும் பெயர் பெற்ற கல்லூரிகள் உண்டு.

எந்த ஊர்க் கல்லூரியாக இருந்தாலும் ஒன்றைக் கேட்காமல் விண்ணப்பிக்காதீர்கள்: நீங்கள் என்ன சொல்லிக்கொடுக்கிறீர்கள்? இந்தத் தொழிலுக்குள்ளேயே இரண்டு கட்சி இருக்கிறது. இடுப்புவலி, கழுத்துவலி, அதற்கான ஆதாரம் என்று நிற்கிறவர்கள் ஒரு பக்கம். முதுகெலும்பைச் சரிசெய்தால் எல்லா நோயும் தீரும் என்று இன்னும் பால்மரின் பாட்டையே பாடுகிறவர்கள் இன்னொரு பக்கம். குழந்தைகளின் வயிற்றுவலி, ஆஸ்துமா போன்றவற்றுக்குக் கைரோபிராக்டிக் உதவும் என்ற கூற்றுக்கு ஆதாரம் இல்லை என்று 2008இல் எழுதியதற்காக அறிவியல் எழுத்தாளர் சைமன் சிங் மேல் பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் சங்கம் அவதூறு வழக்குப் போட்டது. 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சிங் பக்கம் சாய்ந்ததும் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இடுப்புவலிக்கு இந்தக் கை வைத்தியம் பலன் தருகிறதா என்று 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை ஒன்று 2019இல் பி.எம்.ஜே. என்ற மருத்துவ இதழில் வந்தது. நாள்பட்ட வலிக்கு, மற்ற நல்ல சிகிச்சைகள் எவ்வளவு உதவுமோ ஏறத்தாழ அவ்வளவு இதுவும் உதவும் என்பது அதன் முடிவு. ஒரு நல்ல வைத்தியத்துக்கு அது மரியாதையான இடம்தான். பத்து வருஷ வலி முப்பது விநாடியில் பறந்துவிடும் என்று அதில் எங்கும் எழுதவில்லை.

அந்தச் சத்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களை மயக்குவதே அதுதான். எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தம் என்று நினைக்கிறீர்கள். 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரலை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து இழுத்துச் சொடக்கு விழும் கணத்தைப் படம் பிடித்தார்கள். மூட்டு விரியும்போது உள்ளிருக்கும் திரவத்தில் ஒரு வெற்றிடக் குமிழ் உண்டாவது தெரிந்தது. எதுவும் இடம் மாறவில்லை, எதுவும் இடத்துக்குத் திரும்பவும் இல்லை. நீங்கள் தேர்வறையில் விரலை முறிக்கிறீர்களே, அந்தச் சொடக்குத்தான் இது.

படித்து முடித்துத் திரும்பி வந்தால் இங்கே என்ன ஆவீர்கள்? இதைத்தான் யாரும் உங்களிடம் வாய் திறப்பதில்லை. இந்தியாவில் கைரோபிராக்டருக்கு என்று சட்டப்படியான கவுன்சில் கிடையாது. 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் பட்டியலில் பிசியோதெரபி தனிப் பிரிவாக இருக்கிறது, கைரோபிராக்டிக் என்ற பெயர் இல்லை. அலோபதி டாக்டராகப் பதிவு செய்யாதவர் அந்த மருத்துவம் பார்த்தால், தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34ஆம் பிரிவில் ஒரு வருஷம் வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும் இருக்கின்றன. அசலாகப் படித்துவிட்டு வருகிறவருக்கே இங்கே நிலைமை இதுதான். வெளிநாட்டிலேயே தங்கிவிடுவேன் என்றால் தாராளமாகப் போங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் “நம்ம ஊருக்கே வந்து பார்க்கணும் மேடம்” என்கிறீர்கள்.

அப்படியென்றால் வழி வேறு. பிசியோதெரபிப் பட்டப்படிப்பான பி.பி.டி. படியுங்கள். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்தவர்களுக்கான படிப்பு. நாலு வருஷமும் அதற்கு மேல் இன்டர்ன்ஷிப்பும். மலை இறங்கினால் கோயம்புத்தூரிலேயே தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் கல்லூரிகள் இருக்கின்றன. திருச்சியில் அரசுக் கல்லூரி இருக்கிறது. பி.எஸ்சி. முடித்துவிட்டு மறுபடி முதல் வருஷமா என்று முகம் சுளிக்கிறீர்கள். சுளியுங்கள், ஆனால் கணக்குப் போட்டுவிட்டுச் சுளியுங்கள். அந்த வீடியோவில் பார்க்கிற கை வைத்தியம் எங்கள் பாடத்திலும் உண்டு. அதில் பெயர் பெற்ற ஆஸ்திரேலியாவின் மெயிட்லேண்டும் நியூசிலாந்தின் மல்லிகனும் பிசியோதெரபிஸ்டுகள்தான். வர்மத்தில் ஆசை இருந்தால் சித்த மருத்துவம் இருக்கிறது, அதற்கு நீட் வேண்டும். வேலைக்கும் இடம் இருக்கிறது. உதகையில் அரசு மருத்துவக் கல்லூரியோடு 700 படுக்கை மருத்துவமனை 2025இல் திறந்தாயிற்று. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் நோயாளியின் வீட்டுக்கே போகிறார். பக்கவாதம் வந்து லைன் வீட்டில் படுத்திருக்கும் ஒரு தாத்தாவைக் கைப்பிடித்து முதல் நாலு எட்டு நடக்க வைத்துப் பாருங்கள். அதை யாரும் வீடியோ எடுக்க மாட்டார்கள்.

இப்போது நான் பார்த்த ஒரு அக்காவைப் பற்றி. எஸ்டேட் தொழிலாளி, நாற்பதைத் தாண்டியவர். நடுமுதுகில் வலி என்று டவுனில் ஒரு மண்டபத்தில் நடந்த முகாமுக்குப் போயிருக்கிறார். எந்த முகாம், யார் நடத்தியது என்பது இங்கே வேண்டாம். குப்புறப் படுக்கவைத்து இரண்டு தடவை அழுத்தினார்களாம், சத்தம் வந்ததாம், எலும்பு கூடிவிட்டது என்று அனுப்பிவிட்டார்களாம். இரண்டு நாள் தேவலை போல இருந்து, பிறகு வலி இன்னும் அதிகமாகி என்னிடம் வந்தார். நான் முதலில் முதுகைத் தொடவில்லை. ராத்திரி தூக்கத்தில் வலிக்கிறதா என்று கேட்டேன். ஆமாம் என்றார். சாயங்காலம் உடம்பு காய்கிறதா? கொஞ்சம் காய்கிறது. ரவிக்கை தோளில் தொளதொளவென்று கிடந்தது. முன்பு சரியாகத்தான் இருந்தது என்றார். அதன் பிறகு கையை மடக்கி முதுகெலும்பின் மேல் ஒவ்வோர் இடமாக மெல்லத் தட்டிக்கொண்டே வந்தேன். ஒரே ஓர் இடத்தில் தட்டியபோது உடம்பு துள்ளியது. அதற்கு மேல் நான் விரல் வைக்கவில்லை. எக்ஸ்ரேக்கு எழுதி டாக்டரிடம் அனுப்பினேன், பிறகு கோயம்புத்தூரில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். முதுகெலும்பில் காசநோய். அரித்துப்போன எலும்பைத்தான் இரண்டு தடவை அழுத்தியிருக்கிறார்கள். தண்டுவடம் நசுங்கி இரண்டு காலும் விழாமல் தப்பியது அவர் அதிர்ஷ்டம். ஒரு வருஷத்துக்கு மேல் மாத்திரை சாப்பிட்டார், இப்போது நன்றாக இருக்கிறார்.

அழுத்தத் தெரிவது ஒரு மாதத்தில் வந்துவிடும். எந்த முதுகை அழுத்தக் கூடாது என்று தெரிவதற்குத்தான் வருஷக்கணக்கில் படிப்பு. காசநோய்க்காரர்கள், மாதவிடாய் நின்றபின் எலும்பு தேய்ந்தவர்கள், எங்கிருந்தோ புற்றுநோய் பரவி வந்தவர்கள், சிறுநீர் போவது தெரியாமல் தொடையிடுக்கு மரத்துப்போகிறவர்கள் எல்லோருமே வரும்போது சொல்வது ‘முதுகுவலி’ என்ற ஒரே வார்த்தைதான்.

கழுத்து இன்னும் மோசம். தலையைக் குனிந்து பின்கழுத்தின் அடியில் விரலை வையுங்கள். துருத்திக்கொண்டு படுவது பெரும்பாலும் ஏழாவது கழுத்தெலும்பு. அதற்கு மேலே இருக்கிற ஆறு எலும்புகளின் பக்கவாட்டுத் துளைகள் வழியாக, இரண்டு பக்கமும் ஒவ்வொரு ரத்தக்குழாய் மூளைக்கு ஏறிப் போகிறது. கழுத்தை வெடுக்கென்று திருப்பியபின் அந்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். அரிதாக நடப்பதுதான். அரிதானதை முன்கூட்டியே மோப்பம் பிடிக்கப் பயிற்சி வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட வழிகாட்டியில், கைரோபிராக்டிக் படிப்புக்குக் குறைந்தது 4,200 மணி நேரம், அதில் 1,000 மணி நேரம் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி என்று எழுதியிருக்கிறது. உங்கள் வாட்ஸ்அப்புக்கு வருகிற ‘சனி, ஞாயிறு இரண்டே நாளில் கைரோ சான்றிதழ்’ என்ற நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். டீ இடைவேளை, குரூப் போட்டோ எல்லாம் சேர்த்தே பதினாறு மணி நேரம்.

நம் ஊரில் சுளுக்கு எடுக்கிற பாட்டிகூட எண்ணெய் தடவி நீவிவிடுவாரே தவிர, கழுத்தைப் பிடித்துத் திருப்ப மாட்டார். அந்தப் பயம் இரண்டு நாள் சான்றிதழ்காரருக்கு இல்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இரண்டு. அந்த வாரக்கடைசி வகுப்புகளில் சேராதீர்கள். ஏற்கெனவே சேர்ந்து சான்றிதழை வாங்கி வைத்திருந்தால் அதை நம்பி யார் கழுத்திலும் முதுகிலும் கை வைக்காதீர்கள், அது உங்கள் சொந்த அம்மாவாக இருந்தாலும் சரி. பக்கத்து வீட்டு அக்கா கெஞ்சிக் கேட்டாலும் சரி, எனக்குத் தெரியாது என்று சொல்லுங்கள்.

இன்னொன்று, அமெரிக்காவோ மலேசியாவோ பி.பி.டி.யோ, எந்த விண்ணப்பத்துக்கும் எந்த ஏஜென்டுக்கும் ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன்னால், இந்தக் கோடை விடுமுறையில் ஒரு மாதம் உங்கள் பக்கத்து மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் வந்து உட்காருங்கள். நோயாளியைத் தொட விடமாட்டோம். நாங்கள் கேள்வி கேட்பதைக் கேட்கலாம், நடையைப் பார்க்கலாம், ஒரே மாதிரி வலி சொல்கிற இரண்டு பேரில் ஒருவரை நாங்கள் ஏன் தொடாமலே டாக்டரிடம் திருப்பி அனுப்புகிறோம் என்று குறித்துக்கொள்ளலாம். வெளிநாட்டுக் கல்லூரிகளும் இப்படிப் பக்கத்திலிருந்து பார்த்த அனுபவத்தை விரும்புகின்றன, ஆகவே அந்த மாதம் எப்படியும் வீணாகாது. தனித்தனியாக வந்து கேட்டால் இடமில்லை என்பார்கள். அதனால் நாலைந்து பேராகச் சேருங்கள், துறைத் தலைவரைப் பாருங்கள், கல்லூரி முத்திரையோடு மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம் வாங்குங்கள். கூட்டம் பெருகும் ஏப்ரலுக்கு முன், பிப்ரவரியிலேயே கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மலையில் வேலை பார்க்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட்